இலைக்கொடி ஓரம் அடித்த போர்வை

வளர்மதிக்குக் கால் நிற்காது. சோற்றுத் தட்டின் முன்னால் சம்மணம் போட்டாலும் முழங்கால் ஆடும். பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தால், முன் சீட்டில் இருப்பவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தூக்கத்தில்கூடப் பாதம் ஏறி இறங்கும்.

"உன் பக்கத்துல படுக்கறதும் ஓடுற கன்வேயர் பெல்ட்டு மேல படுக்கறதும் ஒண்ணுதான்" என்பார் அவள் புருஷன் பன்னீர்செல்வம். அவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை வாரிப் போடுகிற வேலை. அதனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காலைச் சொல்லியும் குற்றமில்லை. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள். நடவுச் சேற்றில் பின்னால் பின்னால் நடந்தே வளர்ந்த கால் அது. கல்யாணமாகி மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்கு வந்ததும் மிதி மெஷினில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. பிளவுஸ், பாவாடை, புடவைக்கு ஃபால்ஸ், பள்ளிக்கூடத்துச் சட்டைக்கு இடுப்புக் குறைப்பு என்று எது வந்தாலும் தைப்பாள். மெஷின் நின்றால் அவளுக்கு வீடே நின்றுபோன மாதிரி.

அவளுக்கு ஒரே பெண், இசைப்பிரியா. சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள். அங்கே மாத்திரை வாங்க வந்த ராஜ்மோகனோடு மனசு ஒத்துப்போய்விட்டது. பையனின் அப்பா அய்யாசாமி அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட். அம்மா சந்திரகலா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோட்டர்ஸுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆனவள். ஒரு பக்கம் பர்மனென்ட், ஒரு பக்கம் காண்ட்ராக்ட். இதற்குமேல் என்னென்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கல்யாணம் நடந்தது. ஆனால் பேச்சு முடிக்கப் போன அன்றைக்கு ஒன்று நடந்தது. அய்யாசாமிக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. வளர்மதிக்கும் பன்னீர்செல்வத்துக்கும் காகிதக் கப்பில் வந்தது. வளர்மதி பார்த்தாள். குடித்தாள். கப்பைக் கசக்கித் தன் வயர்க் கூடையிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தானே புயல் அடித்ததற்கு அடுத்த கோடையில் இசைப்பிரியாவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். அது வளர்மதிக்கு வழக்கம் மட்டும் இல்லை. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து பெண் ஒரு ராத்திரிகூட மந்தாரக்குப்பத்து வீட்டில் தங்கவில்லை. "அடுத்த வாரம்மா" என்பாள். அடுத்த வாரம் வராது. பிரசவத்துக்கும் அவள் வரவில்லையென்றால், பிறகு எதற்கு வரப்போகிறாள்? இந்தப் பயம்தான் வளர்மதியின் காலை இன்னும் வேகமாக ஆட்டியது.

வளைகாப்புக்கு நாள் குறிக்க அவள் கோட்டர்ஸுக்குப் போனபோது கையில் ஒரு துணிப்பொட்டலம் கொண்டுபோனாள். பிள்ளை பிறக்கும் முன்னே புதுத்துணி எடுக்கக் கூடாது, பழந்துணி தைக்கலாம். வெளுத்துப் பஞ்சாகிப்போன பருத்திப் புடவைகளை நாலு மடிப்பாக அடுக்கி, மேலே பிளவுஸ் வெட்டில் விழுந்த துண்டுகளை ஒட்டி, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டிய குட்டிப் போர்வை. சுற்றிலும் பழைய மஞ்சள் பாவாடைத் துணியை நீள நீளமாகக் கிழித்துப் பட்டி வைத்திருந்தாள். பட்டியின் உள்விளிம்பைக் கையால் ஹெம்மிங் செய்திருந்தாள்.

சந்திரகலா அதைப் புரட்டிப் பார்த்தாள். விரலால் ஓரத்தை நெருடினாள்.

"நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ஆனா இது கைத்தையல்லா? பச்சப்புள்ள துணி, நாளைக்கு நாலு தரம் துவைக்கணும். வாஷிங் மெஷின்ல ரெண்டு சுத்துக்கு ஓரம் பிரிஞ்சி வாயப் பொளந்துரும்."

"எங்க வூட்டுல கையாலதான் தொவைப்போம் சம்மந்தியம்மா."

"அங்க எதுக்கு? புள்ள இங்கதான இருக்கப் போகுது?"

அங்கே பிடித்தது வினை. சந்திரகலா மெதுவாகத்தான் சொன்னாள். வளைகாப்பு சிறப்பாக நடக்கட்டும், ஆனால் பெண்ணை அழைத்துப்போக வேண்டாம். மந்தாரக்குப்பத்தில் கரண்ட் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யாருக்கும் தெரியாது. இந்த அக்கினி நட்சத்திரத்தில் நிறைமாதப் பெண் விசிறி இல்லாமல் எப்படிக் கிடப்பாள்?

அது பொய்யில்லை. அந்த வருஷம் ஊரே இருண்டு கிடந்தது. டவுன்ஷிப் வேலிக்கு இந்தப் பக்கம் கோட்டர்ஸில் விளக்கு கண் சிமிட்டாது. அந்தப் பக்கம் மந்தாரக்குப்பத்தில் மின் நிலையத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

வளர்மதி போர்வையைச் சுருட்டினாள். "வர்ற வெள்ளிக்கெழமக்கி அடுத்த வெள்ளி நாள் நல்லா இருக்குது. மெஷின்லயே ஓரம் அடிச்சி, இத சீர்த்தட்டுல வச்சி எடுத்தாரன். வளையல் போட்ட கையோட எம் பொண்ண அழச்சிகினு போயிடுவன்."

"நான் சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துதுங்க. அதான் சொல்றன்."

வாசலில் நின்ற இசைப்பிரியா அம்மாவையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. தன் வீங்கிய பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஷினில் ஓரம் அடிக்கிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. வெறும் நேர்த்தையலை மிதி மெஷினிலேயே ஓட்டிவிடலாம். ஆனால் நேர்த்தையல் மெலிசாகப் போகும். மடிப்பு ஒரு நூல் நகர்ந்தாலும் பட்டியைப் பிடிக்காமல் விட்டுவிடும். மேலே பார்க்கவும் மொட்டையாக இருக்கும். பூவேலைத் தையல் என்றால் இப்படியும் அப்படியுமாக அகலமாக விழும். பட்டியையும் பிடிக்கும், போர்வையையும் பிடிக்கும், எத்தனை துவைத்தாலும் விடாது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஓரமெல்லாம் கொடி ஓடின மாதிரி இருக்கும். அதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் பிடிவாதம் பிடித்தால் பிடித்ததுதான்.

கடைத்தெருவில் கலியமூர்த்தியிடம் பூவேலை மெஷின் இருந்தது. கையிலே ஹெம்மிங்கைப் பிரித்துக்கொண்டே அவன் கடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

"கரண்ட் வந்தா அடிச்சிடலாம் அக்கா."

"எப்ப வரும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் எதுக்குத் துணி தைக்கறன்? ஜோசியம் பாத்துகினு இருப்பன்."

காத்திருந்தாள். கால் ஆடியது. அவள் உட்கார்ந்த பெஞ்சும் ஆடியது. அடுத்த நாளும் போனாள். மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தரை அதிர்ந்து, கலியமூர்த்தியின் பொத்தான் டப்பா கலகலத்தது. கரண்ட் மட்டும் வரவில்லை. சாயங்காலமாக வந்தது. அவன் ஓடிப்போய் மெஷினில் உட்கார்ந்தான். கொஞ்சம் இலை விழுந்திருக்கும். ஐந்தாவது இலையோ ஆறாவதோ, பாதியில் ஊசி துணிக்குள் குத்தினபடியே நின்றது. விசிறியும் நின்றது.

"போச்சா?"

"போச்சு."

"அதோ தெரியுது பாரு பொகபோக்கி, அங்கேர்ந்து ஒரு ஒயர இழுத்தா என்னா?"

"இழுக்கலாம் அக்கா. நீதான் மொதல்ல ஏறணும்."

ஊசியைக் கையால் சுற்றித் தூக்கி, போர்வையை உருவிக்கொண்டு நடந்தாள். வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை ராஜ்மோகன் அன்றைக்கு மாமனாரைப் பார்க்க வந்தவன், பாதிக் கொடியைப் பார்த்துவிட்டு யோசனை சொன்னான். "அத்தை, எங்கம்மாகிட்டயே அந்த மெஷின் இருக்கு. எக்சிபிஷன்ல வாங்கினது. டிசைன் மாத்துற திருகு எல்லாம் இருக்கு. உறை போட்டு மூடி வச்சிருக்காங்க. அங்கதான் கரண்ட் போகாதே."

யாரிடமிருந்து பெண்ணை அழைத்து வரப்போகிறாளோ அவள் வீட்டுக்கே போய், அவள் மெஷினிலேயே தைக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் மாட்டேன் என்றிருப்பார்கள். வளர்மதியும் அன்று ராத்திரி முழுக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள். மறுநாள் காலை முதல் ஆளாக டவுன்ஷிப் பஸ்ஸில் நின்றாள்.

வயர்க் கூடையில் போர்வை, கத்தரிக்கோல், நூல்கண்டு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு தூக்கில் புளிச்சோறு. தண்ணீரும் சோறும் எதற்கு என்றால், அவள் பிறந்த வழியில் ஒரு வழக்கம். கட்டிக்கொடுத்த பெண் பிள்ளை பெறும்வரை, பெற்றவர்கள் அவள் புகுந்த வீட்டில் கை நனைப்பதில்லை, அந்த வீட்டுக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

சந்திரகலா மெஷின் உறையை எடுத்து, தூசி தட்டி, ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தாள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் காபியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எவர்சில்வர்தான். வளர்மதி கண்ணில் பட்டது.

"வேணாங்க. எங்க வழக்கத்துல குடிக்க மாட்டம். பேரனோ பேத்தியோ பொறக்கட்டும்."

"ஒரு வாய் காபில என்ன வழக்கம்?"

"வழக்கம்னா வழக்கந்தாங்க."

சந்திரகலாவின் முகம் சிறுத்தது. அவள் நினைப்பு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். வழக்கம் உண்மை. காகிதக் கப்பும் உண்மை. இரண்டில் எது அன்றைக்கு அவள் வாயைக் கட்டியது என்று வளர்மதியைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தாகம் எடுத்தபோது அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பலா மரத்தடியில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அய்யாசாமி ஒரு காலத்தில் மாடு வளர்த்தார். மாட்டை விற்று வருஷமாகிவிட்டது. கொட்டகை சுத்தமாகக் கிடந்தது. அதன் நிழலில் நின்று தண்ணீர் குடித்தாள்.

சமையலறை ஜன்னலிலிருந்து சந்திரகலா கேட்டாள்: "ஏன் சம்பந்தி, கொல்லை எங்க வீடு இல்லியா?"

"கூரைக்குக் கீழதாங்க வூடு. இது வேற கூரை."

பாட்டிலை மூடிக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

தையலில் முதல் வம்பு அன்றைக்கே வந்தது. திருகைத் திருப்பி இலைக்கொடியில் வைத்து ஒரு சாண் தைத்தாள். மேலே அழகாக விழுந்தது. பின்னால் திருப்பினால், பட்டி இங்கே பிடித்திருக்கிறது, அங்கே தொங்குகிறது. பிளவுஸ் கழுத்துக்குப் பட்டி வைக்கிற கை பழகிப்போய், முன்பக்கத்தில் இணைத்துப் பின்பக்கம் மடித்திருந்தாள். பிளவுஸில் அப்படித்தான், உள்ளே மடித்துக் கையால் முடித்தால் வெளியே தெரியாது. பூவேலைத் தையலோ மேலிருந்து விழுவது. கண்ணுக்குத் தெரியாத பின்பக்க மடிப்பை அது எப்படித் தேடிப் பிடிக்கும்? பட்டியைப் பின்பக்கம் இணைத்து, முன்பக்கம் மடித்துப் போட்டிருக்க வேண்டும். மடிப்பு கண்ணெதிரே இருந்தால் இலை அதன்மேலேயே நடந்துபோகும்.

கலியமூர்த்தி போட்டது, தான் போட்டது எல்லாவற்றையும் பிரித்தாள். நாலு ஓரத்தையும் பிரித்தாள். கொட்டகையில் உட்கார்ந்து ஒவ்வொரு நூலாக இழுத்தாள். இசைப்பிரியா இடுப்பைப் பிடித்தபடி வந்து அருகில் நின்றாள்.

"எம்மா, ஹெம்மிங்கே இருந்திருக்கலாமில்ல? யாரு கேட்டா?"

"உங்க அத்த கேட்டாங்க."

"அவங்க தொவைக்கறதப் பத்திச் சொன்னாங்க. நீதான் சண்டையா எடுத்துகின."

"சண்டையா? நான் எங்க சண்ட போட்டன்? தச்சிகினு இருக்கறன்."

"உன் கால் சண்ட போடுதும்மா. இங்க வரைக்கும் தரை அதிருது."

மறுநாள் பட்டியைப் பின்பக்கம் இணைத்து, முன்னால் மடித்து, குண்டூசி குத்தி, மூலைகளை அஞ்சல் கவர் மடிக்கிற மாதிரி மடித்து எடுத்துவந்தாள். இனி நேராக அடித்துக்கொண்டு போனால் முடிந்தது என்று மெஷினில் உட்கார்ந்தாள். முடியவில்லை. இரண்டாவது வம்பு அவள் காலிலேயே இருந்தது.

மின்சார மெஷினுக்குக் கீழே தரையில் கிடப்பது ஒரு கட்டை. மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். வளர்மதியின் பாதத்துக்கோ குதிகால் ஒரு தரம், விரல் ஒரு தரம் என்று ஊஞ்சல் ஆடித்தான் பழக்கம். விரல் அழுத்தும்போது மெஷின் பாய்ந்தது. குதிகால் அழுத்தும்போது நின்றது. பாய்கிறபோது கை துணியை இழுக்க, நிற்கிறபோது இலை நசுங்கியது. ஒரு இலை பூசணி இலை மாதிரி. அடுத்தது முருங்கை இலை மாதிரி. அதற்கடுத்து வெறும் காம்பு. முதல் ஓரம் முடிவதற்குள் அந்தக் கொடியில் இல்லாத மரம் இல்லை.

செருப்புப் போட்டு மிதித்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு மிதித்துப் பார்த்தாள். காலை அசையாமல் வைக்கிறேன் என்று பல்லைக் கடித்தால் தோள் இறுகியது, கை கோணியது. வெளியே ஷிப்ட் சங்கு ஊதியது. வியாழக்கிழமை மட்டும்தான் நடுவில் இருந்தது.

சந்திரகலா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கேலி பண்ணப் போகிறாள் என்று வளர்மதி காத்திருந்தாள். சந்திரகலா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டாள். மெஷினுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, வளர்மதியின் காலைத் தன் காலால் மெல்லத் தள்ளினாள்.

"காலை நான் பாத்துக்கிடுதேன். கையை நீங்க பாருங்க."

"உங்களுக்கு மெஷின் தெரியுமா?"

"தைக்கத் தெரியாது. அமுக்கத் தெரியும். மிக்ஸி ஓட்டுதேன்லா?"

அமுக்கினாள். மெஷின் ஒரே சீராக ஓடியது. வளர்மதியின் கை துணியை இழுக்காமல் வெறுமனே வழிகாட்டியது. இலை, காம்பு, இலை, காம்பு என்று ஒன்றுபோல ஒன்று விழுந்தது. கீழே அவள் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அது இனி எதையும் கெடுக்க முடியாது.

மூலை வந்தது. "நிறுத்துங்க" என்றாள் வளர்மதி. சந்திரகலா ஒரு நொடி பிந்தி நிறுத்தினாள். இலை மூலையைத் தாண்டிப் போயிற்று.

"இலை முடிஞ்சி, ஊசி துணிக்குள்ள இருக்கறப்ப நிறுத்தணும். அப்பதான் திருப்ப முடியும்."

"முன்னாலயே சொல்லணும்லா? வண்டிய நிறுத்துத ஆளுக்கு நிறுத்தம் எங்கன்னு தெரிய வேண்டாமா?"

"சரி, 'வருது'ன்னு சொல்றன். வருதுன்னா மெல்ல விடுங்க."

"வருதுன்னு சொல்லுங்க."

இரண்டாவது ஓரம் அப்படி நடந்தது. இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. கண் ஊசியில் இருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

"எதுக்கு இம்புட்டுப் பிடிவாதம் சம்பந்தி? அவ இங்க நல்லாத்தான இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கறா. அதாங்க பயம். வருது... நிறுத்துங்க."

நிறுத்தினாள். துணியைத் திருப்பினார்கள். மறுபடி ஓடியது.

"எனக்கு ஒத்தப் பையன்" என்றாள் சந்திரகலா. "அவன் ஒரு ஷிப்ட், அவுக ஒரு ஷிப்ட். இத்தன வருஷம் இந்தச் சுவத்தோடதான் பேசிக்கிட்டு இருந்தேன். இவ வந்தப்புறந்தான் வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது. ரெண்டு மாசம், மூணு மாசம்னு கூட்டிட்டுப் போயிருவீங்க. அப்புறம் புள்ளையோட அங்கயே பழகிருவா."

வளர்மதி அடுத்த குண்டூசியை உருவினாள். அவள் வயிற்றில் கிடந்த அதே பயம் வேறு வாயிலிருந்து வருகிறது. 

மூன்றாவது ஓரத்தின் நடுவில் நூல் தீர்ந்தது. சந்திரகலா வேறு நூல் தேட உள்ளே போனாள். வளர்மதி எழுந்து, திறந்திருந்த அறைக் கதவு வழியாகப் பார்த்தாள். இசைப்பிரியா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீங்கின காலுக்கு அடியில் தலையணை. மேலே விசிறி முழு வேகத்தில் ஓடியது. நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. வாயை லேசாகத் திறந்து, அப்படி ஒரு தூக்கம்.

மந்தாரக்குப்பத்து வீட்டின் தகரத்தை வளர்மதி நினைத்தாள். மத்தியானத்தில் அதன் கீழே பனையோலை விசிறியோடு பெண் புரளுவதை நினைத்தாள். அழைத்துப்போனால் அந்தத் தூக்கம் போகும். விட்டுப்போனால் பெண்ணே போவாள். அங்கேயே நின்றாள். அப்போது அவள் கால் நின்றிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நூலோடு வந்த சந்திரகலாதான் கவனித்தாள், ஆனால் சொல்லவில்லை.

வளர்மதி பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கொட்டகை நிழலில் தண்ணீர் குடித்தாள். மேலே பார்த்தாள். கீற்று நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கச் சந்துக்குத் தனியாக ஒரு படல் கதவு. சமையலறை ஜன்னல் எட்டும் தூரத்தில். ஒரு கட்டில் போடலாம். ஒரு அடுப்பு வைக்கலாம். மிதி மெஷினைக்கூட அந்த மூலையில் போடலாம்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள், மெஷின் ஓடும்போதே கேட்டாள்: "சம்மந்தியம்மா, அந்தக் கொட்டாயி யாருது?"

"கோட்டர்ஸ் கம்பெனிது. கொட்டகை எங்க வீட்டு ஆள் போட்டது. ஏன்?"

"அத எனக்குக் குடுங்க."

மெஷின் நின்றது. சந்திரகலா காலை எடுத்துவிட்டாள்.

"குடுங்கன்னா?"

"வெத்தல பாக்கு வச்சிக் கேக்கறன். பிரசவம் முடியறவரைக்கும் அது என் வூடு. என் அடுப்பு, என் அரிசி, என் மெஷினு. வெள்ளிக்கெழம எம் பொண்ண எங்க வூட்டுக்கு அழச்சிகினு போவன். அந்த வூடு அங்க இருக்கும்."

"கொல்லையிலயா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்களுக்கும் கரண்ட் இல்லாம பொழுது போவ வேணாமா?"

சாயங்காலம் அய்யாசாமியிடம் விஷயம் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோட்டர்ஸ வெளியாளுக்கு விட்டா ஆபீஸ்ல மெமோ குடுத்துருவாம்லா?"

"வெளியாளு யாரு?" என்றாள் சந்திரகலா. அவ்வளவுதான்.  அவர் கொட்டகை விசிறிக்கு ஒயர் இழுக்க ஏணியைத் தேடிப் போனார்.

வியாழக்கிழமை நாலாவது ஓரம் அடித்தார்கள். தொடங்கின இடத்துக்கே கொடி வந்து சேர்கிறபோது இலை சரியாகப் பொருந்த வேண்டும். வளர்மதி "வருது, வருது" என்றாள். சந்திரகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். அரை இலை குறைந்தது. பிரிப்போமா என்றாள் சந்திரகலா.

"வேணாம். ஒரு பக்கம் என் கால் போட்ட இலைங்க பூசணி மாதிரி கெடக்குது, அதையே நான் பிரிக்கல. இது என்னா அரை இலை?"

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் வளையல் அடுக்கினார்கள். சீர்த்தட்டில் போர்வை இருந்தது. பக்கத்துக் கோட்டர்ஸ் பெண்கள் ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதம் ஊட்டி, எல்லாம் முறையாக முடிந்தது. பிறகு வளர்மதி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினாள். சந்திரகலா வாசலில் நின்று வழியனுப்பினாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து ராஜ்மோகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா, கொல்லைக்குத்தான் போறா."

"நீ சும்மா கிட. போறது போறதுதான்."

ஆட்டோ காத்திருந்தது. ஓட்டுநர் எங்கே என்று கேட்டார். "பிள்ளையார் கோயிலச் சுத்திகினு, இந்த வரிசைக்குப் பின்சந்துக்கு விடுப்பா" என்றாள் வளர்மதி. அவர் திரும்பி வீட்டைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். இசைப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வளையல் எல்லாம் சேர்ந்து குலுங்கியது. ஆட்டோ கோயிலைச் சுற்றியது. படல் கதவருகில் பன்னீர்செல்வத்தின் அக்கா பாப்பா ஆரத்தித் தட்டோடு நின்றாள். சுற்றிப் போட்டு, பொட்டு வைத்து, பெண்ணைத் தாய்வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். மூலையில் மிதி மெஷின் இருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. கட்டிலின்மேல் விசிறி ஓடியது.

சற்றுப் பொறுத்து, சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு சந்திரகலா வந்தாள். தன் கொல்லைதான், தன் கொட்டகைதான். ஆனாலும் வாசலில் நின்றாள்.

"வாங்க சம்மந்தியம்மா" என்றாள் வளர்மதி. "எங்க வூட்டுக்கு மொதல் தடவையா வர்றீங்க. உக்காருங்க."

சந்திரகலா தலையைக் குனிந்து உள்ளே வந்து, கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். கை தன்னால் போர்வைக்குப் போயிற்று. விரல் ஓரத்தில் நடந்தது: பூசணி இலை, முருங்கை இலை, வெறும் காம்பு, அப்புறம் சீராக ஓடின கொடி, கடைசியில் அந்த அரை இலை.

வளர்மதி சாம்பல் போட்டு விளக்கின எவர்சில்வர் டம்ளரில் மோர் ஊற்றி நீட்டினாள். "சம்மந்தி வூட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போவக் கூடாது."

சந்திரகலா டம்ளரை வாங்கினாள். ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்துக் குடித்தாள், கடைசிச் சொட்டுவரை.

வளர்மதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முழங்கால் மெல்ல ஆடத் தொடங்கியது.